நரசிம்மர் லைட்டிங்

ஒரு முகத்தைப் படம் எடுக்க வீட்டிலேயே சிறந்த இடம் வாசற்படிதான். நிலையை ஒட்டித் தெருவைப் பார்த்து ஆளை நிற்க வையுங்கள். மேலே கூரை இருப்பதால் வெயில் உச்சந்தலையில் இறங்காது. எதிரே திறந்து கிடக்கும் வானம் முழுக்க ஒரே விளக்காக வேலை செய்யும். வாசல் சிமெண்டில் பட்ட வெயில் எழும்பி வந்து, தாடைக்கு அடியில் தங்கியிருக்கும் இருட்டைத் துடைத்துவிடும். முதுகுக்குப் பின்னால் ரேழி இருண்டு கிடப்பதால் பின்னணித் திரைக்கும் செலவில்லை. விளக்கு எவ்வளவு பெரிதோ, எவ்வளவு பக்கத்தில் இருக்கிறதோ, அந்த அளவுக்கு நிழல் மெத்தென்று விழும். இந்தத் தொழிலின் அரிச்சுவடி அவ்வளவுதான். வாசல் அகலத்துக்கு ஒரு விளக்கைக் கடையில் கேட்டால் சொல்லும் விலைக்கு வாசலோடு ஒரு வீட்டையே ஒத்திக்கு எடுத்துவிடலாம்.

ஒரே ஒரு சிக்கல், வாசற்படியில் நிற்கக் கூடாது என்பது எங்கள் அத்தையின் சட்டம்.

அந்தச் சட்டத்தில் நிலைப்படிக்கென்றே தனி அத்தியாயம் உண்டு. அதில் உட்காரக் கூடாது, தலை வைத்துப் படுக்கக் கூடாது, நின்றபடி எதையும் கொடுக்கவோ வாங்கவோ கூடாது. “உள்ள வா, இல்ல வெளிய போ. நடுவுல நின்னுகிட்டு என்ன போட்டோ வேண்டிக்கிடக்கு?” என்பார்.

சரி, இடம்தான் இல்லை, நேரத்தையாவது பார்ப்போம் என்றால், முகத்துக்கு உகந்த நேரம் அந்தி. சூரியன் சாய்ந்து, வெளிச்சம் பக்கவாட்டில் மஞ்சளாக வரும். மறைந்த பிறகும் கொஞ்ச நேரம் வானம் மட்டும் ஒளிர்ந்துகொண்டிருக்கும். அது விளக்கு வைக்கிற நேரம். விளக்கு வைக்கிற நேரத்தில் தலை வாரக் கூடாது. தலை வாராமல் அத்தை கேமராவுக்கு முன்னால் வரமாட்டார்.

யோசித்துப் பார்த்தால், பகலும் இல்லை இரவும் இல்லை, உள்ளும் இல்லை வெளியும் இல்லை என்று தேடிப் பிடித்து நரசிம்மர் இரணியனை மடியில் கிடத்திய இடமும் நேரமும் அப்படியே இதுதான். போர்ட்ரெய்ட் எடுக்கிற எவரும் அதைவிட நல்ல லொகேஷனைச் சொல்லிவிட முடியாது. பக்தியைத் துணைக்குக் கூப்பிட்டால் வேலை நடக்கும் என்று இதை அத்தையிடம் எடுத்துச் சொன்னேன்.

“அங்க கடைசியில என்ன நடந்துச்சுன்னு தெரியுமில்ல?” என்றார்.

அத்தைக்கும் மற்ற உறவுக்காரர்களுக்கும் பிடித்த நேரம் ஒன்று உண்டு. முகூர்த்தம் முடிந்து, பந்தி முடிந்து, வெற்றிலை போட்டபடி மண்டபத்துக்கு வெளியே வந்து நிற்கும் நடுப்பகல். “நல்லா வெளிச்சமா இருக்குப்பா, இப்பவே எடுத்துடு.” சென்னை ஏறக்குறைய 13 பாகை வடக்கில் இருக்கிறது. அதனால் ஏப்ரல் கடைசி வாரத்தில் ஒரு நாளும் ஆகஸ்ட் மூன்றாம் வாரத்தில் ஒரு நாளும் நண்பகல் சூரியன் சரியாக உச்சந்தலைக்கு மேலே வந்து நிற்கும். நட்ட கம்புக்கு நிழலே விழாது. வானியல் ஆர்வலர்கள் அதை நிழலில்லா நாள் என்று கொண்டாடுகிறார்கள். கொண்டாடட்டும். கம்புக்குத்தான் நிழல் இல்லை, மூக்குக்கு உண்டு. கண் இரண்டும் புருவத்தின் கீழே குழியாகிவிட, மூக்கின் நிழல் மேலுதட்டில் இறங்கும். சித்திரைக் கல்யாணத்தில் எடுத்த குரூப் போட்டோவில் எங்கள் வீட்டுப் பெண்கள் அத்தனை பேருக்கும் மீசை இருக்கிறது.

வெளிநாட்டுப் புத்தகங்களைத் திறந்தால் வடக்குச் சன்னலைத் தேடு என்கின்றன. ஐரோப்பாவில் ஓவியர்கள் காலத்திலிருந்தே அது வேதவாக்கு. அங்கே நண்பகல் சூரியன் வருடம் முழுக்கத் தெற்கிலேயே இருப்பதால், வடக்குச் சன்னலில் பெரும்பாலும் வானத்தின் ஒளி மட்டும் அமைதியாக வரும். நம் ஊரில் மே மாதத்தில் சூரியனே நமக்கு வடக்கே போய்விடுகிறது. அக்னி நட்சத்திரத்தில் காலையும் மாலையும் வடக்குச் சன்னல் வழியாகவே வெயில் உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும். புத்தகம் எழுதியவருக்குத் திருத்தணி வெயிலைப் பற்றி யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

இந்த விஷயத்தில் ஜூலியா மார்கரெட் கேமரன் கொடுத்துவைத்தவர். 48 வயதில் முதல் கேமரா கைக்கு வந்ததும், இங்கிலாந்தில் வைட் தீவில் இருந்த தன் வீட்டுக் கோழிகளை வெளியே அனுப்பிவிட்டு, கண்ணாடி போட்ட அந்தக் கோழிக்கூட்டையே ஸ்டூடியோ ஆக்கிக்கொண்டார். கவிஞர் டென்னிசன், டார்வின் எல்லாம் அவர் கேமராவுக்கு முன்னால் அசையாமல் உட்கார்ந்தவர்கள். 1875-இல் இலங்கைக்குக் குடிவந்த பிறகு தோட்டத் தொழிலாளர்களான தமிழர்களையும் படம் எடுத்தார். அவர்களிலும் ஓர் அத்தை இருந்திருப்பார் என்று நினைத்துக்கொள்வதில் எனக்கு ஓர் ஆறுதல்.

ரிஃப்ளெக்டர் என்றதும் கடையில் வாங்குகிற தட்டு மட்டும்தான் என்று நினைக்காதீர்கள். வீட்டுச் சுவர் எல்லாமே ரிஃப்ளெக்டர்தான், சம்பளம் இல்லாமல் இருபத்து நாலு மணி நேரமும் வேலை பார்க்கும். மாமா வீட்டுக் கூடத்துக்குக் கிளிப்பச்சை அடித்திருக்கிறார்கள். அங்கே எடுத்த படத்தில் மாமாவுக்கு இடது கன்னம் பச்சை. பக்கத்தில் அரக்குப் பட்டோடு மாமி நின்றதால் வலது கன்னம் சிவப்பு. இரண்டு கன்னத்தையும் ஒரே நிறமாக்குவது கம்ப்யூட்டரிலும் லேசில்லை. வாஸ்து பார்த்துப் பெயிண்ட் அடிப்பவர்கள் இதையும் கொஞ்சம் பார்க்கலாம்.

கடையில் கிடைக்கும் வட்டத் தட்டில் வெள்ளை, வெள்ளி, தங்கம், கறுப்பு, ஒளி ஊடுருவும் மெல்லிய துணி என்று ஐந்து வகை. விரிப்பது சுலபம், உறையிலிருந்து எடுத்ததும் படீரென்று தானே விரிந்து பக்கத்தில் இருக்கும் காபி டம்ளரையும் தட்டிவிடும். மடக்குவதற்குத்தான் கையை முறுக்கி எட்டுப் போட வேண்டும். ஆர்.டி.ஓ. ஆபீஸில் எட்டுப் போடுவது இதற்கு எவ்வளவோ தேவலை. வெள்ளிப் பக்கம் வெயிலில் பட்டால் எதிரே இருப்பவர் கண்ணைத் திறக்க முடியாது. தங்கப் பக்கம் நம் ஊர் நிறத்துக்குத் தேவையே இல்லை, மஞ்சள் பூசிக் குளித்த முகம் மாதிரி ஆக்கிவிடும் என்பது என் கட்சி. “தங்கம் இருக்கையில வெள்ளி எதுக்குடா?” என்பது அத்தையின் கட்சி. கறுப்புப் பக்கத்தை ஒரு கன்னத்துக்குப் பக்கத்தில் பிடித்தால் அந்தப் பக்கம் வெளிச்சம் குறைந்து முகத்துக்கு ஒரு வடிவம் வரும். வெளிச்சத்தைக் குறைக்கவா காசு கொடுத்து வாங்கினாய் என்று சித்தப்பா கேட்டதற்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.

ஆனால் சித்தப்பாவின் வேட்டிக்கு ஈடு எந்தத் தட்டும் இல்லை. சலவை செய்த நாலு முழத்தோடு அவர் வெயிலில் உட்கார்ந்தால் எதிரே இருப்பவர் முகத்தில் பத்து வயது குறையும். துணியின் மகிமை சினிமாக்காரர்களுக்கு எப்போதோ தெரியும். 1956-இல் வந்த சத்யஜித் ராயின் ‘அபராஜிதோ’வில் காசியில் இருக்கும் வீட்டின் முற்றம் கல்கத்தா ஸ்டூடியோவில் போட்ட செட். ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா முற்றத்துக்கு மேலே வெள்ளைத் துணியைக் கட்டி, விளக்குகளைத் துணியைப் பார்க்கத் திருப்பினார். திரும்பி இறங்கிய வெளிச்சம் அசல் வானத்து வெளிச்சம். நமக்கு அவ்வளவு வசதி ஏது? சித்தப்பாவைத் திண்ணையில் உட்கார வைத்தேன்.

“நான் படத்துல வர்றேனா?”

“வர்றீங்க சித்தப்பா, வெளிச்சமா.”

அன்றைக்கு அத்தையோடு ஓர் உடன்படிக்கை ஏற்பட்டிருந்தது. படியிலிருந்து ஓரடி உள்ளே தள்ளி நாற்காலி, மணி நாலு, விளக்கு வைப்பதற்கு முன்னால் முடித்துவிட வேண்டும். வீட்டில் எரிந்த டியூப் லைட்டையும் மஞ்சள் பல்பையும் நிறுத்தச் சொன்னேன். டியூப் ஒரு நிறம், பல்ப் ஒரு நிறம், வானம் ஒரு நிறம். மூன்றும் ஒரே முகத்தில் விழுந்தால் எதைச் சரிசெய்தாலும் மற்ற இரண்டும் கெடும். “பட்டப்பகல்ல இருட்டு பண்ணி போட்டோ எடுக்கிறான்” என்று அத்தை தெருவுக்கே கேட்கும்படி சொன்னாலும், நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

படம் நன்றாகவே வந்தது. கண்ணில் வாசல் தெரிந்தது, நெற்றிச் சுருக்கமெல்லாம் சாந்தமாக இருந்தது. அத்தை கேமராவை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தார்.

“முகமெல்லாம் நல்லாத்தான் இருக்கு. கல்லு எங்க?”

அத்தை மூக்கில் ஏழு கல் வைர பேசரி. முகத்துக்கு நல்லதெல்லாம் வைரத்துக்கு ஆகாது. பெரிய, மெத்தென்ற வெளிச்சத்தில் வைரம் கண்ணாடிச் சில்லாகிவிடும். அது ஜொலிக்கச் சின்னதாகக் கூர்மையாக ஒரு விளக்கு வேண்டும், நகைக்கடைக்காரர்கள் பெட்டிக்கு மேலே வரிசையாகச் சின்னச் சின்ன விளக்குகளைப் பதிப்பது அதற்குத்தான். அக்கா பையனைக் கூப்பிட்டு, செல்போன் டார்ச்சைத் தள்ளி நின்று பிடிக்கச் சொன்னேன். கிட்டே வந்தால் முகமும் வெளுத்துவிடும். தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் கால்வாசியாகும் என்ற கணக்கு இங்கே நமக்குச் சாதகம். முகத்தை வாசல் பார்த்துக்கொண்டது, மூக்குத்தியை டார்ச் பார்த்துக்கொண்டது.

இந்த முறை அத்தை வெகுநேரம் பார்த்தார்.

“இதையே பெருசாப் போட்டு வச்சிடு. மாலை போடறப்ப மட்டும் பேசரியை மறைக்காமப் போடச் சொல்லு.”