கம்பியில் வழுக்கும் இரும்பு

கேள்வி: ஹவாய்த் தீவில் எவரோ கிட்டாரை மடியில் போட்டு இரும்பால் தேய்த்ததற்கு நாம் ஏன் நன்றி சொல்ல வேண்டும்?
– ஒரு வாசகி, காம்பார்

பதில்: பேராக்கில் இருந்துகொண்டே இப்படிக் கேட்கலாமா அம்மா! பள்ளிச் சபைகூடலில் நிமிர்ந்து நின்று ‘நெகாராகூ’ பாடியிருப்பீர்களே, அது உங்கள் மாநில கீதத்தின் மெட்டு. 1957-இல் நாட்டுக்கே கீதமானது. அதற்குப் பத்தாண்டு முன்பே, ஃபீலிக்ஸ் மெண்டல்சனின் ஹவாய் இசைக்குழு அதே மெட்டை ‘மாமுலா மூன்’ என்று பதிவு செய்துவிட்டது. நாம் விறைப்பாக நின்று பாடும் மெட்டுக்கு அவர்கள் இடுப்பை ஆட்டியிருக்கிறார்கள்!

கிட்டாரை மடியில் போட்டு இரும்பால் தேய்க்கும் இந்த வாசிப்பைத் தொடங்கியவராகச் சொல்லப்படுபவர் ஜோசப் கெகூகு. 1930-களில் ரிக்கன்பேக்கர் நிறுவனம் விற்ற முதல் மின்கிட்டாரே மடியில் வைத்து வாசிப்பதுதான். அதன் செல்லப்பெயர் ‘பொரிசட்டி’. ராக் இசைக்காரர்கள் எல்லாரும் அந்தச் சட்டியில் வெந்தவர்களே.

சமோவாக்காரர் டாவ் மோ 1940-களில் கல்கத்தாவில் தங்கி இதே கிட்டாரை வாசித்தார், கற்றும் கொடுத்தார். பிறகு பிரிஜ் பூஷண் காப்ரா அதில் ராகமே வாசித்தார். 1967-இல் வந்த ‘கால் ஆஃப் தி வேலி’ இசைத்தட்டைக் கேளுங்கள், கமகம் எப்படிக் குழைகிறது! அவருக்குப் பின் வந்த விஸ்வ மோகன் பட் 1994-இல் கிராமி வாங்கினார்.

நம் கோட்டுவாத்தியமும் இதே வழுக்கல் வித்தைதான். அதை வாசித்த திருவிடைமருதூர் சகாராம ராவுக்கும் சேர்த்தே கும்பிடு போடுகிறேன். கர்நாடக இசைப் பாடகர் செம்மங்குடிக்கே பாடம் சொன்னவர் அவர்.