ஃப்னூ செந்தில்

அமெரிக்க விசாவுக்கு வாங்கும் கட்டணத்தைப் பற்றிக் காட்டமாக நாலு வார்த்தை எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். டிஎஸ்-160 படிவத்தின் முதல் கட்டத்தைத் தாண்டினால் அதற்கு வருகிறேன். முதல் கட்டமே ‘சர்நேம்’. பாஸ்போர்ட்டில் சர்நேமுக்கு நேரே வெற்றிடம் இருந்தால், நம் பெயரைத் தூக்கி அந்தக் கட்டத்தில் போட்டுவிட்டு, நம் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எஃப்என்யூ என்று எழுதச் சொல்கிறார்கள். விரித்தால், ‘முதற்பெயர் தெரியவில்லை’. யாருக்குத் தெரியவில்லை? பெற்று, பெயர் வைத்து, காதில் மூன்று தரம் சொன்னவர்களுக்குத் தெரியும். அந்தப் பெயரைப் பக்கத்துக் கட்டத்திலேயே எழுதி வாங்கிக்கொண்ட தூதரகத்துக்கும் தெரியும். இருந்தும் விசாவில் ஃப்னூ செந்தில்தான்.

சர்நேம் இடம் காலியாக இருப்பது நம் மறதியால் அல்ல. 1929-இல் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாட்டில், பெயருக்குப் பின்னால் தொங்கும் சாதிப் பட்டத்தை வெட்டுவதென்று தீர்மானம் போட்டார்கள். சாதி பெயரை விட்டுப் போனதே தவிர ஊரை விட்டுப் போகவில்லை. அது வேறு வழக்கு. ஆனால் பாடுபட்டுக் காலி செய்த இடத்தைப் பார்த்து ‘ஐயோ பாவம், தெரியவில்லை போலிருக்கிறது’ என்று ஒரு படிவம் இரக்கப்படுவதைத்தான் தாங்க முடியவில்லை.

“அப்பா பெயரைப் போட்டுத் தொலைக்க வேண்டியதுதானே?” என்பார்கள். போடலாம். முருகேசன் மகன் செந்தில், அங்கே இறங்கியதும் மிஸ்டர் முருகேசன். அசல் முருகேசன் கும்பகோணத்தில் ஈஸிசேரில் சாய்ந்திருக்க, அவர் பெயரில் அறை, அவர் பெயரில் கார், அவர் பெயரில் அபராதம். கல்யாணத்துக்குப் பின் புருஷன் பெயரைச் சேர்த்துக்கொண்ட மனைவி மிஸஸ் செந்தில். பையன் கவினுக்கு அப்பா பெயர்தான் சர்நேம் என்பதால் மாஸ்டர் செந்தில். ஆக, மிஸஸ் செந்திலும் மாஸ்டர் செந்திலும் முருகேசன் என்கிற யாரோ ஒருவரோடு ஊர் சுற்றுகிறார்கள். மிஸ்டர் செந்திலைக் காணவில்லை. குடியேற்ற அதிகாரி சந்தேகப்பட்டால் அவரைக் குறை சொல்ல முடியாது. மாமனார் பெயரை வாய்விட்டுச் சொல்லக் கூடாதென்று வளர்க்கப்பட்ட பெண், ஹோட்டல் வரவேற்பில் நின்று “மிஸ்டர் முருகேசன் ரூம் சாவி கொடுங்கள்” என்கிறாள். உலக சாம்பியனாக இருந்த ஆனந்துக்கே இதுதான் கதி. விஸ்வநாதன் அவர் அப்பா பெயர். அதைச் சுருக்கி, உரிமையோடு ‘விஷி’ என்று மகனைக் கூப்பிடுகிறது சதுரங்க உலகம்.

பெயர் ஒன்றே ஒன்றென்றால் கோடிப் பேரில் ஆளை அடையாளம் காண்பது எப்படி என்பது அடுத்த கேள்வி. பத்து விரல் ரேகை, முகம், பிறந்த தேதி, பாஸ்போர்ட் எண் எல்லாம் வாங்கிய பிறகும் காணாமல் போகிறவன், சர்நேமிலா சிக்கப் போகிறான்? பாஸ்போர்ட்டின் அடியில் 44 எழுத்து இடம் கொண்ட இரண்டு வரிகளுக்கு விதி வகுக்கும் சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்பே ஒற்றைப் பெயரை ஏற்கிறது. ஐஸ்லாந்துக்காரர்களும் நம்மைப் போல அப்பா பெயரைத்தான் ஒட்டிக்கொள்கிறார்கள்; டெலிபோன் டைரக்டரியைக்கூடச் சொந்தப் பெயர் வரிசையில் அச்சடித்த நாடு அது. ஐக்கிய அரபு அமீரகத்துக்காரர்கள் 2022 நவம்பரில் ஒற்றைப் பெயர்க்காரர்களுக்குச் சுற்றுலா விசா கிடையாது என்றார்கள். சில நாளிலேயே, பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் அப்பா பெயர் இருந்தால் போதும் என்று இறங்கி வந்தார்கள். பக்கத்தைத் திருப்பிப் பார்க்க மனமிருந்தால் போதும்.

அமெரிக்கப் படிவத்தில் இன்னொரு கட்டமும் உண்டு: முழுப் பெயரையும் உங்கள் சொந்த எழுத்திலேயே எழுதலாம். அங்கே மட்டும் செந்தில், செந்தில். ஆனால் ரொம்ப நேரம் ரசிக்காதீர்கள். 20 நிமிடம் கை அசையாவிட்டால் படிவம் மூடிக்கொள்ளும். கட்டணம் 185 டாலர். விசா கிடைக்காவிட்டாலும் திருப்பித் தர மாட்டார்கள்.