மணிக்கட்டில் இடமில்லை

நுழைவுச்சீட்டு, பணப்பை, அறைச்சாவி மூன்றின் வேலையையும் பார்க்கும் மின்னணு மணிக்கட்டுப் பட்டையை ஃபுளோரிடாவின் டிஸ்னி வேர்ல்டு 2013இல் அறிமுகப்படுத்தியது. கையில் கட்டுவதில் கொல்கத்தாவுக்கு அனுபவம் அதிகம். 1905 அக்டோபர் 16 அன்று வங்கப் பிரிவினையை எதிர்த்துத் தாகூர் தெருவில் இறங்கி, எதிர்ப்பட்டவர் கையிலெல்லாம் ராக்கி கட்டினார். அதில் சில்லு இல்லை. தொலைத்தால் அபராதமும் இல்லை.

மின்னணுப் பட்டையைக் கட்டுவதில் இன்று அங்குள்ள சிக்கல் இடநெருக்கடி. மணமான வங்கப் பெண்ணின் கையில் வெண்சங்கு வளையல், செந்நிறப் பொலா, போதாததற்கு இடக்கையில் லோஹா என்னும் இரும்பு வளையல். ஆணுக்கோ காளிகாட் கோயிலின் சிவப்புக் கயிறு, சோதிடர் சொன்ன செப்புக் காப்பு, கைக்கடிகாரம். இவற்றோடு பட்டையையும் இறுக்கினால், மே மாதப் புழுக்கத்தில் அதனடியிலேயே நீர்ப்பூங்கா தொடங்கிவிடும். 1991இல் கொல்கத்தாவின் சால்ட் லேக்கில் திறந்த நிக்கோ பார்க் கேளிக்கைப் பூங்கா வரை போகத் தேவையில்லை.

பட்டைக்குள் ஒரு விரல் நுழையும் தளர்ச்சி வேண்டும். பொத்தான் மணிக்கட்டு எலும்பின் மேல் உட்காரக் கூடாது. பெரும்பாலான பட்டைகளின் சில்லுக்கு மின்கலம் கிடையாது. பட்டையைப் படிக்கும் கருவியின் அலையிலிருந்தே சக்தி எடுத்துச் சில சென்டிமீட்டர் தூரத்தில் பேசும். பக்கத்தில் உலோகம் ஒட்டியிருந்தால் பேச்சு தடுமாறும். எனவே லோஹா இடக்கையில், பட்டை வலக்கையில். கயிறும் சங்கும் அலையை மறிப்பதில்லை. செப்புக் காப்பை மட்டும், சோதிடரிடம் ஒருநாள் விடுப்புச் சொல்லி, சட்டைப்பையில் வைத்துக்கொள்க.