மூச்சடக்கும் கொபீர்தா

ஹவுரா மெட்ரோ நிலையத்தில் எஸ்கலேட்டரில் இறங்கும்போது ஒருவர் மூக்கைப் பொத்திக்கொண்டு, கன்னத்தை உப்பவைத்து, 'ம்ப்' என்று ஒரு சத்தம் எழுப்பினால், பக்கத்தில் ஏதோ நாறுகிறது என்று நீங்களும் மூக்கைப் பொத்த வேண்டாம். அவர் காதுக்குள் அழுத்தத்தைச் சரிசெய்துகொள்கிறார். அவர்தான் கொபீர்தா.

பெயர் நான் வைத்தது. வங்க மொழியில் ஆழமானதை 'கொபீர்' என்பார்கள். நம் கம்பீரத்துக்கு ஒன்றுவிட்ட தம்பி. 'தா' என்றால் அண்ணன். இவர் ஓர் ஆள் இல்லை, தெற்குக் கல்கத்தாவில் தெருவுக்கு ஒருவர் இருக்கிறார். லேக் மார்க்கெட்டில் முருங்கைக்காய் பொறுக்கும்போது எனக்கு வாய்த்தவருக்கு ஐம்பது வயது, பாங்கு வேலை, நவம்பர் பிறந்ததும் குரங்குக் குல்லாய். சளி பிடிக்கும் என்று ஃபேனை இரண்டுக்கு மேல் வைக்க விடாத மனிதர், ஒரு பூஜை விடுமுறைக்கு அந்தமான் போய் வந்தார். அன்றிலிருந்து அவர் கால் தரையில் படவில்லை.

ஹேவ்லாக் தீவில் நடந்தது இவ்வளவுதான். ஒரு பயிற்சியாளர் இவருடைய சிலிண்டரின் கழுத்தைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டு, தாய்ப்பூனை குட்டியைக் கவ்விப் போவதுபோல, இருபது நிமிடம் பவளப்பாறையைச் சுற்றிக் காட்டினார். இப்படி ஒருநாள் கூத்தாக இறங்குகிறவர்களுக்கு எல்லை 12 மீட்டர். இவர் அதில் பாதி போயிருந்தால் அதிகம். ஆனால் ஆழம் என்பது இலிஷ் மீன் எடை மாதிரி, சொல்லச் சொல்ல ஏறும். காளி பூஜைக்கு 10 மீட்டராக இருந்தது சரஸ்வதி பூஜைக்கு 18 ஆனது. இப்போது 30. ஓய்வு பெறுவதற்குள் மரியானா அகழியைத் தொட்டுவிடுவார்.

"அடுத்தது என்ன, தாதா?"

"குகை, மோஷாய். தண்ணீருக்குள் குகை."

"அதற்குத் தனிப் பயிற்சி வேண்டுமே?"

"கிச்சு ஹொபே நா."

ஒன்றும் ஆகாது என்று பொருள். கொபீர்தாவின் முழுப் பாடத்திட்டமும் இந்த மூன்று சொல்தான். முறையாகப் படித்து முதல் கார்டு வாங்கியவருக்கே 18 மீட்டர்தான், அடுத்த படிப்புக்கு 30, பொழுதுபோக்குக்கு மூழ்குகிறவர்களுக்கு 40-தான் கடைசி என்று சொன்னால், "மிஹிர் சென் யாரிடம் கார்டு காட்டினார்?" என்பார். 1958-ல் ஆங்கிலக் கால்வாயைக் கடக்கும் முன் மிஹிர் சென் பலமுறை முயன்று தோற்றுத் திரும்பியவர். 1966-ல் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு நீந்தியவர். அதெல்லாம் சரி. ஆனால் அவர் குறுக்கே போனார் தாதா, நீங்கள் கீழே போகிறீர்கள்.

நான் தூத்துக்குடிக்காரன். முத்துக்குளித்த ஊர். பழைய நாளில் காலில் கல்லைக் கட்டி இறங்குகிறவனுக்கு மேலே கயிறு பிடிக்கிறவன் மச்சானாக இருப்பான் என்று சொல்வார்கள். தங்கை தாலிக்காகவாவது கயிற்றை விடமாட்டான் அல்லவா? சுறாவின் வாயைக் கட்ட மந்திரம் சொல்லும் 'கடல்கட்டி'க்கும் குளிப்பில் ஒரு பங்கு இருந்தது. மந்திரத்தை நம்பினார்களோ இல்லையோ, கடலுக்குப் பயந்தார்கள். எங்கள் கடலில் எடுத்த சங்குதான் வங்காளத்துக்கு வந்து அறுபட்டுக் கல்யாணமான பெண்களின் கையில் வளையலாகிறது. கொபீர்தாவின் மனைவி பௌதி (அண்ணி) கையிலும் உண்டு.

ஒருநாள் பௌதி முன்னாலேயே விளக்கிப் பார்த்தேன். பத்து மீட்டருக்கு ஒரு வளிமண்டலம் அழுத்தம் கூடும். 30 மீட்டரில் நான்கு மடங்கு. மேலே ஒரு மணி நேரம் வரும் காற்று அங்கே கால் மணியில் தீரும். அதோடு நைட்ரஜன் வாயு தலைக்கேறி, பட்டைச் சாராயம் குடித்தவன்போல மனசு லேசாகிவிடும். பயம் போய்விடும்; பயம்தானே அங்கே கூட இருக்க வேண்டியது? அவசரமாக மேலே வந்தால் சோடா பாட்டிலைத் திறந்தாற்போல் ரத்தத்தில் அதே வாயு குமிழ் குமிழாக...

"காஸ்," என்றார் பௌதி கவலையோடு. "எனக்குத் தெரியும். சிங்காடா சாப்பிட்டால் இவருக்கு உடனே காஸ்தான்."

கொபீர்தா ஜெலுசில் எடுக்க உள்ளே போனார். பாடம் அத்தோடு முடிந்தது.

2018-ல் தாய்லாந்தின் தாம் லுவாங் குகையில் பன்னிரண்டு பையன்களும் பயிற்சியாளரும் மாட்டிக்கொண்டபோது நடந்த மீட்பைத் தாமே நேரில் நடத்தியதுபோல இவர் ரகத்தினர் இன்னமும் ரோவாக்குத் திண்ணையில் உட்கார்ந்து சொல்வார்கள். சாமான் குனான் பெயர் மட்டும் அவர்கள் கதையில் வராது. கடற்படையில் முக்குளிப்பாளராக இருந்தவர். உள்ளே காற்று சிலிண்டர்களை வைத்துவிட்டுத் திரும்பும் வழியில் ஜூலை 6 அன்று இறந்தார். குகையில் தலைக்கு மேல் பாறை. பயந்தால் நேரே மேலே வர முடியாது. துடுப்புக் காலை ஒருமுறை தப்பாக உதைத்தால் வண்டல் கலங்கி, கண் முன் பிடித்த கையே தெரியாது. காற்றில் மூன்றில் ஒரு பங்கு போக, ஒரு பங்கு திரும்ப, ஒரு பங்கைத் தொடவே கூடாது என்பது அங்கே கணக்கு. கொபீர்தா மாசச் சம்பளத்தையே அப்படிப் பிரித்ததில்லை.

போன வாரம் கொபீர்தா, பௌதி, நான் மூவரும் ஹவுராவில் மெட்ரோ ஏறினோம். நிலையம் தரையிலிருந்து ஏறக்குறைய 30 மீட்டர் கீழே. அவருக்கு உண்டான 12 மீட்டர் எல்லைப்படி பாதி வழிக்கு முன்பே நின்றிருக்க வேண்டும், 'ம்ப்' வைத்தபடி இறங்கினார். ரயில் ஆற்றுக்கு அடியில் 520 மீட்டர் போகும், முக்கால் நிமிடம். சுவரில் நீல விளக்கு வந்ததும் மூச்சை அடக்கிக்கொண்டார். மூச்சை அடக்காதே என்பதுதான் ஸ்கூபாவில் முதல் பாடம். அடக்கிக்கொண்டு மேலே ஏறினால் காற்று விரிந்து நுரையீரலைக் கிழிக்கும். சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை.

மாண்ட்ரேக் ஞாபகம் வந்துவிட்டது. அந்தப் பெயரில் மேடையேறிய மாயாஜாலக்காரர் சஞ்சல் லாஹிரி. 2019 ஜூன் 16 அன்று சங்கிலியும் பூட்டுமாக, ஹவுரா பாலத்தருகே இதே ஆற்றில் இறக்கப்பட்டார். மறுநாள் ஒரு கிலோமீட்டர் தள்ளி உடல் கிடைத்தது. இருபத்தொரு வருடம் முன்பு இங்கேயே கண்ணாடிப் பெட்டியிலிருந்து தப்பி வந்தேன் என்று சொல்லிவிட்டுத்தான் இறங்கினார்.

"மாண்ட்ரேக்," என்றேன்.

கொபீர்தா மூச்சை விட்டார். "அது மாஜிக். இது சயின்ஸ்," என்றார். குரலில் வழக்கமான உரம் இல்லை.

எஸ்பிளனேடில் இறங்கினோம். எந்த வழி வெளியே போகும் என்று தமக்கு மட்டும் தெரியும் என்று முன்னால் நடந்தார். இடப்பக்கம் போனார், திரும்பினார், கூட்டத்துக்கு எதிராக மோதினார், வந்த வழியையே மறுபடி கண்டுபிடித்தார். பௌதி ஒன்றும் பேசவில்லை. சங்கு வளையல் போட்ட கையை நீட்டி, ஜோல்னாப் பையின் வாரைப் பிடித்து இழுத்தார். கொபீர்தா பூனைக்குட்டியாக மேலே வந்தார்.

வெயில் சுள்ளென்று அடித்தது. பையிலிருந்து குல்லாயை எடுத்து மாட்டிக்கொண்டார். காற்று படுகிறதாம்.