கவுண்டி கோர்ட் தலபுராணம்

அமெரிக்காவில் நீதிமன்ற ஆவணம் எல்லோருக்கும் பொது. சந்தேகமே வேண்டாம். 1978-ல் நிக்சன் ஒலிநாடா வழக்கில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது: கோர்ட் காகிதங்களைப் பார்க்கவும் நகலெடுக்கவும் குடிமக்களுக்குப் பொதுவான உரிமை உண்டு. சொன்ன கையோடு, அதே தீர்ப்பில், ஒலிநாடாவுக்கு நகல் கேட்டு வந்தவர்களிடம் கையையும் விரித்தது. உரிமை உண்டு, நாடா கிடையாது. நாட்டின் கவுண்டி நீதிமன்றங்கள் அந்தத் தீர்ப்பின் முதல் பாதியைச் சுவரில் மாட்டிவிட்டு, இரண்டாம் பாதியைக் கவுன்ட்டரில் அமல்படுத்துகின்றன.

இந்தக் காகிதம் யாருக்கு வேண்டும் என்று கேட்பவர் அங்கே வாடகைக்கு வீடு தேடிப் பார்க்காதவர். வீடு பிடிக்க, வேலையில் சேர, விவாகரத்தை நிரூபித்து மறுமணம் செய்துகொள்ள, இறந்துபோன கணவரின் பெயரில் இருந்த வீட்டைத் தன் பெயருக்கு மாற்ற, எதற்கெடுத்தாலும் ஏதோ ஒரு கவுண்டியின் ஏதோ ஒரு கட்டிலிருந்து முத்திரை விழுந்த தாள் ஒன்று தேவைப்படும். டல்லாஸிலும் எடிசனிலும் குடியேறிய நம்மவர்களுக்கும்தான். கல்லூரி நாளில் ஒரு சனிக்கிழமை ராத்திரி போலீஸில் மாட்டி, அப்புறம் தள்ளுபடியாகி, அவரே மறந்துபோன வழக்கு ஒன்று, குடியுரிமை விண்ணப்பம் போடும் நாளில் எழுந்து வந்து 'என் காகிதம் எங்கே' என்று வழிமறிக்கும்.

சரி, போவது எந்த கோர்ட்டுக்கு? மூவாயிரத்துச் சொச்சம் கவுண்டிகள். ஒவ்வொன்றும் தன் போக்கில் ஒரு சமஸ்தானம். நியூயார்க்கில் 'சுப்ரீம் கோர்ட்' என்ற பலகையைப் பார்த்து மிரளாதீர்கள். அங்கே அது வழக்கு ஆரம்பிக்கிற இடம். உச்சியில் உட்கார்ந்திருப்பதற்குப் பெயர் கோர்ட் ஆஃப் அப்பீல்ஸ். பென்சில்வேனியாவின் பெரும்பாலான கவுண்டிகளில் சிவில் கட்டு 'புரோதோனோட்டரி' என்று பைசாந்தியப் பட்டம் சுமக்கும் ஒருவரிடம் இருக்கும். கிரிமினல் கட்டு இன்னொருவரிடம். உயில் வேறொருவரிடம். இறந்தவர் சொத்தை விசாரிக்கிற மன்றத்துக்கு 'அநாதைகள் கோர்ட்' என்றே பெயர். அநாதை யார் என்பது வரிசையில் நிற்கும்போது விளங்கிவிடும். டெக்சாஸில் டிஸ்ட்ரிக்ட் கிளார்க், கவுண்டி கிளார்க் என்று இருவர். பெருங்குற்றமும் விவாகரத்தும் முன்னவரிடம், சிறுகுற்றமும் உயிலும் பின்னவரிடம். ஜன்னல் மாறி நின்றுவிட்டால் சரியான ஜன்னலைக் கட்டாயம் காட்டுவார்கள், உங்கள் முறை வந்த பிறகு. லூசியானாவில் கவுண்டியே கிடையாது, பாரிஷ். கனெக்டிகட்டில் கவுண்டிகள் வரைபடத்தில் உண்டு. அவற்றின் நிர்வாகத்தை 1960-லேயே கலைத்துவிட்டார்கள். சிகாகோ இருக்கும் குக் கவுண்டியில் 1871-க்கு முந்தைய வழக்கைத் தேடுபவர் மட்டும் கொடுத்து வைத்தவர். ஊரை எரித்த பெருந்தீயில் கோர்ட்டும் கட்டுகளும் சேர்ந்து சாம்பலாகிவிட்டன; அலைய வேண்டியதில்லை.

கிளார்க் என்றதும் மூலையில் குனிந்து எழுதும் குமாஸ்தாவை நினைத்துக்கொள்ளாதீர்கள். பல மாநிலங்களில் அவர் தேர்தலில் நின்று ஜெயித்து வந்தவர். நன்கொடை, கட்சி, சாலையோர விளம்பரத் தட்டி எல்லாம் உண்டு. ஆகவே கவுண்டி இணையதளத்தைத் திறந்தால் முதலில் வரவேற்பது அவருடைய சிரித்த முகம். வெளிப்படைத்தன்மையே தன் மூச்சு என்று பக்கத்திலேயே எழுதியும் இருக்கும். வழக்கைத் தேடும் பெட்டி எங்கே என்பதுதான் வெளிப்படவில்லை.

ஃபுளோரிடாவில் சட்டப் புத்தகத்திலேயே விலைப்பட்டியல் அச்சடித்திருக்கிறார்கள்: நகல் பக்கத்துக்கு 1 டாலர், சான்றொப்பமிட 2 டாலர், பதிவேட்டைத் தேடித் தர வருடம் ஒன்றுக்கு 2 டாலர். வழக்கு எந்த வருடம் என்று நினைவில்லாத கிழவி இருபது வருடத்துப் பேரேட்டுக்கும் பணம் கட்டலாம். மறதிக்கு வரி. கலிஃபோர்னியா இன்னும் நாகரிகமான ஊர். முதல் பத்து நிமிடத் தேடல் இலவசம். அதைத் தாண்டினால் 15 டாலர். பத்து நிமிடத்தில் அகப்படும்படி கட்டுகளை அடுக்கிவைக்காதது யார் குற்றம் என்ற கேள்விக்குக் கட்டணம் இன்னும் நிர்ணயமாகவில்லை, எனவே பதிலும் கிடையாது. நியூயார்க்கில் ஒருவர் பேரில் மாநிலம் முழுக்கக் கிரிமினல் வழக்கு உண்டா என்று நீதிமன்ற நிர்வாகம் பார்த்துச் சொல்ல 95 டாலர். பெயரும் பிறந்த தேதியும் எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும்.

எழுத்துக்கு எழுத்து! இந்த இடத்தில் தமிழன் தலையில் கைவைத்துக்கொண்டு உட்காருவான். ஊரில் இனிஷியலோடு நிம்மதியாக இருந்த ஒரு பெயர், பாஸ்போர்ட்டில் ஏறும்போது அப்பா பெயரை இழுத்துக்கொண்டது. ஒற்றைப் பெயர்க்காரருக்கு விசாவில் முதற்பெயர் தெரியாது என்பதற்கு 'எஃப்என்யு' என்று மூன்றெழுத்து போட்டார்கள்; சிலருக்கு ஓட்டுநர் உரிமத்திலும் அதுவே ஏறிவிட்டது. சாலையில் நிறுத்திய போலீஸ்காரர் அதைப் பார்த்து எழுதினார். அதைப் பார்த்து கிளார்க் ஆபீஸில் தட்டச்சு செய்தார்கள். இப்போது உங்கள் வழக்கை உங்கள் பெயரில் தேடினால் கிடைக்காது. அப்பா பெயரில், ஒரு எழுத்து விட்டுப்போய், எங்கோ இருக்கும். இறந்துபோன அப்பா ஃப்ரிஸ்கோவில் சிக்னலைத் தாண்டியதாக அரசாங்கப் பதிவு.

'இதற்குத்தான் பேசர் இருக்கிறதே' என்று விவரம் தெரிந்த ஒருவர் எல்லாக் கூட்டத்திலும் இருப்பார். பேசர் ஃபெடரல் நீதிமன்றங்கள் இணையத்தில் நடத்தும் ஆவணக் கடை. கவுண்டி கட்டு அங்கே இருக்காது. இருந்தாலும் அந்தக் கடையை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு வருவது நல்லது; மேலே இருப்பவர்கள் லட்சணம் தெரிந்தால் கவுண்டிக் குமாஸ்தாவின் மேல் இரக்கமே வந்துவிடும். பக்கத்துக்கு 10 சென்ட், ஓர் ஆவணத்துக்கு அதிகபட்சம் 3 டாலர். தேடிய பெயர் கிடைக்காவிட்டாலும், கிடைக்கவில்லை என்று சொன்ன அந்தப் பக்கத்துக்கு 10 சென்ட். மூன்று மாதத்துக்கு 30 டாலரைத் தாண்டாதவரை தள்ளுபடி செய்கிறார்கள், அதையும் சொல்லிவிட வேண்டும். தேவையான அளவுக்குத்தான் வசூலிக்கலாம் என்று 2002-ல் காங்கிரஸ் சட்டம் போட்டது. நீதிமன்றங்கள் வசூலித்த பணத்தில் ஒரு பகுதியை விசாரணை அறைகளுக்குச் சாதனங்கள் வாங்கும் அளவுக்கு இஷ்டப்படி திருப்பிவிட்டன. மூன்று லாபநோக்கற்ற அமைப்புகள் வழக்குப் போட்டன. சில செலவுகள் சட்டவிரோதம் என்று 2020-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது, கடைசியில் 12.5 கோடி டாலருக்குச் சமரசம் ஆயிற்று. நீதிமன்றம் குடிமகன் பாக்கெட்டில் கைவிட்டது என்று நீதிமன்றமே கண்டுபிடித்த வழக்கு. அந்தத் தீர்ப்பைப் படிக்கவும் பேசரில் நுழையலாம்.

இதே கடை 2008-ல் சில நூலகங்களில் பரீட்சார்த்தமாக இலவசமாக இருந்தது. ஆரன் ஸ்வார்ட்ஸ் என்ற இளைஞர் அதன் வழியே சுமார் 2 கோடி பக்கங்களை இறக்கிக்கொண்டார். யாரும் பார்க்கலாம் என்று சொல்லப்பட்ட பொதுக் காகிதங்கள். உடனே இலவசத் திட்டத்தை நிறுத்தினார்கள், பின்னாலேயே எஃப்பிஐ வந்தது. விசாரித்துப் பார்த்து, குற்றம் ஒன்றும் அகப்படாமல் கோப்பை மூடினார்கள். பொது ஆவணத்தைப் பொதுமக்களில் ஒருவன் நிஜமாகவே எடுத்துவிட்டான் என்ற அதிர்ச்சியைத் தாங்க முடியவில்லை, பாவம்.

(நம் ஊர் நகல் பிரிவில் காத்துக் கிடந்தவர்கள் இதைப் படித்துச் சிரிக்கலாம். அங்கே பியூனைக் கவனிக்காமல் கட்டு நகராது என்பது ஊரறிந்த கதை. ஆனாலும் சிஎன்ஆர் என்ற வழக்கு அடையாள எண் கையில் இருந்தால் மாவட்ட நீதிமன்ற வழக்கின் நிலையை ஈ-கோர்ட்ஸ் தளத்தில் ஒரு பைசா செலவில்லாமல் பார்த்துவிட முடியும். சிலிக்கான் பள்ளத்தாக்கு வைத்திருக்கும் நாட்டுக்கு இதை யாராவது எடுத்துச் சொல்லலாம்.)

இனி தரிசன முறை. வர்ஜீனியாவில் சர்க்யூட் கோர்ட்களின் சிவில் கட்டுகளை வீட்டில் இருந்தபடியே கணினியில் படிக்கும் ஏற்பாடு உண்டு. யாருக்கு? வக்கீல்களுக்கும் அரசு அலுவலகங்களுக்கும். அவர்கள் கருவறை வரை போகலாம். வழக்கில் தன் வீட்டையே இழந்தவர் கொடிமரத்தைச் சுற்றிக்கொண்டு, வண்டி பிடித்து, கோர்ட் திறந்திருக்கும் நேரத்துக்குள் வந்து சேர வேண்டும். கோர்ட் திறந்திருக்கும் நேரம்தான் அவர் வேலை பார்க்கும் நேரம். ஒரு நாள் கூலியைக் காணிக்கை செலுத்திவிட்டு வரட்டும். கேட்டால், அந்தரங்கத்தைக் காப்பாற்றுகிறோம் என்பார்கள். வக்கீல் கண்ணில் பட்டால் அந்தரங்கம் கெடாது போலும்.

கலிஃபோர்னியாவின் வென்ச்சுரா கவுண்டி இன்னொரு படி மேலே போனது. புதிதாகத் தாக்கலான சிவில் மனுக்களை அன்றைக்கே பார்க்க விடுங்கள் என்று செய்தியாளர்கள் கேட்டார்கள். உள்ளே வேலை முடியாமல் வெளியே விட முடியாது என்று கிளார்க் ஆபீஸ் தாமதம் செய்தது. கோர்ட்ஹவுஸ் நியூஸ் என்ற செய்தி நிறுவனம் 2011-ல் வழக்குப் போட்டது. வரம்புகளுக்கு உட்பட்டு, காலதாமதமின்றிப் பார்க்கும் உரிமை அரசியல் சட்டத்தின் முதல் திருத்தத்திலேயே அடங்கியிருக்கிறது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2020-ல் ஒத்துக்கொண்டது. தாமதமில்லாமல் பார்க்க வேண்டிய காகிதத்தைத் தாமதமில்லாமல் பார்க்கலாம் என்று சொல்ல எட்டு வருடத்துக்கு மேல்.

இத்தனை பூட்டும் யாருக்கு என்று பார்த்தால்தான் ரத்தம் கொதிக்கிறது. மொத்தமாக வாங்க வருபவருக்குப் பூட்டே கிடையாது. பல நீதிமன்றங்கள் பதிவுகளைக் கட்டுக்கட்டாக வியாபாரிகளுக்கு விற்கின்றன. விற்காத இடத்தில் அவர்களே ஆள் வைத்தும் இயந்திரம் வைத்தும் அள்ளிக்கொள்கிறார்கள். வீடு வாடகைக்குக் கேட்டு நீங்கள் விண்ணப்பம் கொடுத்தால், உங்கள் பின்னணியை அலசிய அறிக்கை வீட்டுக்காரர் கைக்குச் சில நிமிடத்தில் வந்துவிடும். வீட்டைக் காலி செய்யச் சொல்லி யாரோ போட்டு, நீங்கள் ஜெயித்த வழக்கும் அதில் இருக்கும். ஜெயித்தீர்கள் என்பது மட்டும் பல சமயம் விட்டுப்போயிருக்கும். கலிஃபோர்னியா 2016-ல் சட்டம் போட்டு, வீட்டுக்காரர் 60 நாளில் ஜெயிக்காத வழக்குகளை மூடி வைக்கச் சொன்னது. மற்ற பல இடங்களில் வழக்கு போட்டதே தண்டனை.

பெயர்ப் பொருத்தம் இந்த வியாபாரிகளிடம் மட்டும் தாராளம். கிளார்க் ஆபீஸில் ஒரு எழுத்து பிசகினால் கிடைக்காத உங்கள் வழக்குக்குப் பதிலாக, உங்கள் பெயரை ஒத்த எவனோ செய்த திருட்டை உங்கள் கணக்கில் எழுதிவிடுவார்கள். பெயரை மட்டும் வைத்து ஆளை முடிவு செய்வது சட்டவிரோதம், ஆசிய, கறுப்பின, ஹிஸ்பானிய மக்களிடையே ஒரே குடும்பப்பெயரைப் பலர் வைத்திருப்பதால் அவர்கள்தான் அதிகம் அடிபடுகிறார்கள் என்று நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பு 2021-ல் எச்சரிக்க வேண்டி வந்தது. படேல்களும் குமார்களும் ரெட்டிகளும் கும்பிட்டுக்கொள்ளலாம். கைதானவர்களின் போலீஸ் படத்தை இணையத்தில் ஏற்றி, எடுக்க வேண்டுமானால் பணம் கொடு என்று கடை விரித்தவர்களும் உண்டு. அப்படிப்பட்ட ஒரு தளத்தை நடத்தியவர்கள்மேல் 2018-ல் கலிஃபோர்னியா அரசு மிரட்டிப் பணம் பறித்ததாக வழக்குப் போட்டது. சரக்கு எங்கிருந்து வந்தது? அரசாங்கத்தின் பொது ஆவணத்திலிருந்து. அந்தக் கதவில் மட்டும் யாரும் கட்டணம், படிவம், அந்தரங்கம் என்று மூச்சு விடவில்லை.

அந்தச் சனிக்கிழமை ராத்திரி வழக்குக்காரர் என்ன செய்தார்? வக்கீல் பிடித்தார், மனுப் போட்டார், பணம் கட்டினார். நீதிபதி உத்தரவிட, பதிவையே கவுண்டி அழித்துவிட்டது. ஒழிந்தது சனி என்று குடியுரிமைக்கு விண்ணப்பித்தால், அழிக்கப்பட்ட வழக்கானாலும் மறைக்காமல் சொல், சான்றொப்பமிட்ட காகிதம் கொண்டு வா என்கிறது குடியேற்றத் துறை. கவுண்டியில் போய் நின்றால் அப்படி ஒரு வழக்கே இல்லை என்கிறார்கள். தள்ளுபடி ஆகுமுன்பே மொத்தமாக வாங்கிப்போன வியாபாரியிடம் அது தேதியோடு பத்திரமாக இருக்கிறது, ஆனால் அவன் தாளில் கோர்ட் முத்திரை கிடையாது. எனவே, 'பதிவு எதுவும் இல்லை' என்று எழுதி முத்திரை குத்தித் தரும்படி அவர் கவுண்டிக்கே மனு எழுத வேண்டும். தேடுவதற்கு ஒரு கட்டணம், இல்லாததற்குச் சான்றொப்பமிட ஒரு கட்டணம். பர்சனல் செக் வேண்டாம் என்பார்கள், மணியார்டர் எடுத்துக்கொள்ளுங்கள். சுயவிலாசமிட்ட உறை இணைக்க வேண்டும். ஸ்டாம்ப் உங்கள் செலவு.