பூட்டுப் படம் மாட்டுவது எப்படி?

மேல்சித்தாமூர் வீட்டுத் திண்ணையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு வெளியூர்க் கம்பெனிக்கு வேலை பார்க்கும் தம்பிக்கு: சர்வரிலிருந்து மின்னஞ்சலை இறக்கும் லைப்ரரியில் டி.எல்.எஸ். என்கிரிப்ஷன் சேர்க்கச் சொல்லிவிட்டார்களா? பொழுது சாய்வதற்குள் முடித்துவிடலாம். உங்கள் ஊர்ச் சமண வீடுகளில் அதற்குள் சாப்பாடே முடிந்துவிடும். வேலையை மட்டும் எதற்கு இழுப்பது?

முதலில் முணுமுணுக்க வேண்டும். அஞ்சல் இறக்கும் பாப்3 நெறிமுறை பிறந்தது 1988-இல். 110-ஆம் போர்ட்டில் பெயர், பாஸ்வேர்டு இரண்டையும் பச்சையாக அனுப்பிப் பழகியது. 1995 ஆகஸ்ட் 15-இல் வி.எஸ்.என்.எல். இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையம் திறந்துவிட்டபோது டி.எல்.எஸ். என்ற பெயரே கிடையாது. "அப்போது யார் குடி முழுகிப்போனது?" என்று மேனேஜரைக் கேள். பதில் வராது, மீட்டிங் வரும்.

பிறகு போர்ட். 110-ஐ 995 ஆக்கினால் போதும், ஐமேப் என்றால் 143-ஐ 993. முதல் பைட்டிலிருந்தே என்கிரிப்ஷன். 2018-இல் ஆர்.எஃப்.சி. 8314 பரிந்துரைத்ததும் இதைத்தான். ஆனால் இவ்வளவு சுலபமாக முடித்தால் சம்பள உயர்வு கிடைக்குமா? ஆகவே 110-லேயே நுழைந்து, எஸ்.டி.எல்.எஸ். கட்டளை கொடுத்து நடுவழியில் மாறு. "அந்த வசதி இங்கே இல்லை" என்று பதில் வந்தால், சொன்னது சர்வரா, இடையில் உட்கார்ந்து அந்த வரியை அழித்தவனா என்றெல்லாம் நோண்டாதே. பெருந்தன்மையோடு பாஸ்வேர்டைப் பழையபடி அனுப்பிவிடு. மாறுவதற்கு முன்பே பஃபரில் வந்து கிடக்கும் பைட்டுகளையும் கொட்டிவிடாதே. பூட்டுக்குள்ளிருந்து வந்தவைபோல மரியாதையாகப் படி. 2011-இல் போஸ்ட்ஃபிக்ஸ் அஞ்சல் சர்வரில் அதை எழுதிய வீட்ஸே வெனெமா இதே வகை ஓட்டையைக் கண்டு அடைத்தார். 2021-இல் ஜெர்மனி ஆய்வாளர்கள் நடுவழி மாற்றத்தைக் குடைந்தபோது அஞ்சல் மென்பொருள்களில் 40-க்கும் மேற்பட்ட ஓட்டைகள் கிடைத்தன, இந்த வகையும் அவற்றில் உண்டு. மரபு அறுந்துவிடக் கூடாதல்லவா?

இனிதான் முக்கியமான கட்டம். சோதித்துப் பார்த்தால் "சான்றிதழ் சரியில்லை" என்று பிழை வரும். பயப்படாதே, சரிபார்ப்பையே அணைத்துவிடு. பைத்தானின் பாப்லிப்பில் அந்தச் சிரமமும் இல்லை: நீயாக ஒரு கான்டெக்ஸ்ட் கொடுக்காதவரை அது சான்றிதழைச் சரிபார்ப்பதேயில்லை. தண்ணீரைக்கூடத் துணியில் வடிகட்டிக் குடிக்கும் மரபுள்ள ஊரில், பார்சுவநாதர் கோயிலுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து இப்படிச் செய்யலாமா என்று உறுத்தினால், பெரியவர்கள் சொன்னது தண்ணீருக்குத்தான் என்று சமாதானம் செய்துகொள். திண்டிவனத்தில் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் உன் பயனர், யாரோ திறந்துவைத்த வைஃபையில் நுழைவார். பாஸ்வேர்டு வேறு ஒருவருக்கும் புரியாதபடி, படு ரகசியமாக, அந்த யாரோவிடம் போய்ச் சேரும்.

டி.எல்.எஸ். 1.0, 1.1 பதிப்புகளை 2021-லேயே ஓய்வுக்கு அனுப்பிவிட்டார்கள். எங்கோ ஒரு பழைய சர்வருக்காக எல்லோருக்கும் அவற்றைத் திறந்து வை. காலாவதியான சான்றிதழ், வேறு பெயருக்கான சான்றிதழ் இரண்டையும் கொடுத்து இணைப்பு அறுகிறதா என்று மட்டும் சோதித்துவிடாதே.

கடைசியாக, வெளியீட்டுக் குறிப்பில் பெரிதாக ஒரு பூட்டுப் படம். யாராவது வினயமாக, "சர்வரின் பெயரை ஒப்பிட்டுப் பார்க்கிறதா?" என்று கேட்டால், "அது உங்கள் அமைப்பைப் பொறுத்தது" என்று எழுதிவிட்டு லீவு போடு.