மேனகாவுக்கு எத்தனை பாட்டு?

வடுவூர் துரைசாமி ஐயங்காரின் ‘மேனகா’வைப் பாட்டும் ஆட்டமுமாக மேடையேற்றப் போகிறார்கள் என் பேத்தியும் அவள் சிநேகிதர்களும். கீபோர்டு, கிடார், கன்னத்தில் ஒட்டிக்கொள்கிற மைக் என்று எல்லாம் தயார். “தாத்தா, இந்தக் கதையில எங்கெங்க பாட்டு வெச்சா நல்லா இருக்கும், சொல்லுங்களேன்” என்று அவள் கேட்டபோது எனக்கு உண்டான சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல. ஏனென்றால், இதே கதையில் எந்தெந்தப் பாட்டைத் தூக்கலாம் என்றுதான் 1960-களின் கடைசியில் நாங்கள் ராத்திரி ராத்திரியாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தோம்.

அந்த நாவல் வீட்டுக்கு வீடு சுற்றிய காலம் உங்களில் சிலருக்காவது நினைவிருக்கும். மத்தியான வேளையில் ஒருத்தி உரக்கப் படிப்பாள், நாலு பேர் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே கேட்பார்கள். தஞ்சாவூர் டெபுடி கலெக்டரின் மகள் மேனகா, வக்கீல் வராகசாமிக்கு வாழ்க்கைப்பட்டு, அந்த வீட்டிலிருந்த விதவை நாத்தனார்கள் இருவரிடமும் படாத பாடு பட்டு, அவர்கள் செய்த சூழ்ச்சியில் நைனா முகம்மது மரைக்காயருக்கு விற்கப்பட்டு, அங்கே அந்த மரைக்காயரின் மனைவி நூர்ஜஹானாலேயே காப்பாற்றப்படுகிற கதை. மூத்த நாத்தனார் பெருந்தேவியின் பேச்சு வந்தால் போதும், “நாசமாப் போறவ” என்று முறத்தை ஒரு தட்டுத் தட்டிவிட்டுத்தான் என் அத்தை அடுத்த பிடி அரிசியை அள்ளுவாள்.

இதை முதலில் மேடைக்குக் கொண்டுவந்தவர்கள் டி.கே.எஸ். சகோதரர்கள்; நாடகமாக எழுதிக் கொடுத்தவர் எம். கந்தசாமி முதலியார். ஜே.ஆர். ரங்கராஜுவின் ‘ராஜாம்பாள்’, ‘சந்திரகாந்தா’ முதலான நாவல்களும் அவர் கைபட்டு நாடகமானவைதான். 1935-இல் ராஜா சாண்டோ டைரக்‌ஷனில் ‘மேனகா’ படமாகவும் வந்து, என்.எஸ். கிருஷ்ணனை ஜனங்களுக்குத் திரையில் காட்டியது. ‘மேனகா’ மேடையேறுவதற்கு முன்னால் சங்கரதாஸ் சுவாமிகள் வழிவந்த பாய்ஸ் கம்பெனி நாடகங்களில் அரசன் பாடுவான், மந்திரி பாடுவான், தூது வந்தவனும் பாடித்தான் சேதி சொல்வான். அந்த வெள்ளத்துக்கு நடுவே வீட்டுக் கூடத்தையும் வீட்டுப் பேச்சையும் மேடைக்குக் கொண்டுவந்தது அன்றைக்குப் பெரிய புதுமை. அந்தப் புதுமையில் மயங்கிக் கிடந்த தலைமுறை எங்களுடையது. பாட்டு குறையக் குறைய நாடகம் உயரும் என்று மனசார நம்பினோம்.

‘மேனகா’ போட்ட எங்கள் நாடகக் குழுவுக்கு ஆர்மோனியம் வாசித்தவர் சிறுவயதில் ஒரு பாய்ஸ் கம்பெனியில் ஸ்திரீபார்ட் கட்டியவர். மகரக்கட்டு வந்து சாரீரம் உடைந்ததும் அவரை ஆர்மோனியப் பெட்டிக்கு முன்னால் உட்காரவைத்துவிட்டார்களாம். கணக்கு எழுதுகிற நீள நோட்டு ஒன்று வைத்திருப்பார். வசனமெல்லாம் கறுப்பு மை, பாட்டெல்லாம் சிவப்பு மை. ஒவ்வொரு பாட்டின் தலையிலும் ‘இன்ன பாட்டின் வர்ணமெட்டு’ என்று பழைய கீர்த்தனையோ இந்துஸ்தானி மெட்டோ ஒன்றின் பெயர். நாங்கள் பென்சிலால் அடித்த பாட்டையெல்லாம் மறுநாள் ரப்பர் போட்டு அழித்துக்கொண்டு வருவார். “தம்பி, அவ புருஷன் வீட்டுக்குள்ள நுழையறப்ப பாட வேண்டாம், ஒத்துக்கறேன். நாத்தனார் ரெண்டு பேரும் முறைச்சிக்கிட்டு நிக்கறப்ப எவ பாடுவா? ஆனா எல்லாரும் படுத்தப்புறம் கிணத்தடிக்கு வர்றாளே, அங்க நீ வாயை மூடச் சொன்னா எப்படி?” என்பார். மேனகா வேஷம் கட்டிய தபால் ஆபீஸ் பையன் அந்தக் கிணற்றடிப் பாட்டை ஐந்து கட்டையில் எடுப்பான். காலால் மிதிக்கிற பெட்டி அது. மிதிகட்டையின் ‘டொக் டொக்’ சத்தமும் துருத்தியின் மூச்சும் கடைசி வரிசை வரைக்கும் கேட்கும். பாட்டு இறங்கும்போது அவர் காலையும் மெதுவாக்குவார். சுருதி மட்டும் இழையாக நின்றுகொண்டிருக்க, பெஞ்சில் இருந்த பெண்கள் மூக்கைச் சிந்துவார்கள்.

பேத்தியின் ஒத்திகையில் தாளம் லேப்டாப்பிலிருந்து வருகிறது. பாடுகிற பெண்ணுக்கு அழுகை வந்து ஒரு நொடி தாமதித்தாலும் அது காத்திருக்காது. இதைச் சொன்னேன், கிணற்றடிப் பாட்டுக்கு மட்டும் லேப்டாப்பை மூடிவிட்டு ஒரு பையனை ஆர்மோனியத்தோடு உட்காரவைப்பதாகச் சொல்லியிருக்கிறாள். அதே சமயம், கன்னத்து மைக்கை நான் பழிக்க மாட்டேன். தனக்குள்ளேயே முனகிக்கொள்ள வேண்டிய துக்கத்தைத் தெருக்கோடிக்குக் கேட்கும்படி கத்திப் பாடி, எத்தனை மேனகாக்கள் மறுநாள் தொண்டை கட்டிப் பாலும் மிளகுமாக அலைந்தார்கள்! இந்தப் பெண் உதட்டை அசைத்தாலே போதும், அவள் மூச்சு வாங்குவதுகூட எனக்குக் கேட்கிறது. நூர்ஜஹானுக்கும் இவர்கள் ஒரு பாட்டு வைத்திருக்கிறார்கள். எங்கள் நாளில் நன்றாகப் பாடுகிறவன் ஒருவன்தான் கிடைத்தான், அதனால் அந்த உத்தமி நாலு வரி வசனத்தோடு போய்விடுவாள். இப்போது இரண்டு பெண்களும் எதிரெதிரே நின்று, ஒருத்தி விட்ட அடியை இன்னொருத்தி எடுத்துப் பாடும்போது, கதையின் நடு இடம் இதுதான் என்று எனக்கே அப்போதுதான் முழுசாகத் தெரிந்தது.

ஒரு விஷயத்தில் மட்டும் இன்னும் இழுபறி. பெருந்தேவிக்கும் ஒரு பாட்டு வேண்டும் என்கிறேன் நான். தம்பி வீட்டில் அண்டிக் கிடந்து காலம் தள்ளுகிறவளுக்கு, பூ வைத்துக்கொண்டு ஒரு சின்னப் பெண் வாசலேறி வந்தால் வயிறு எரியாதா? வில்லி பாடினால் ஜனம் அவள் பக்கம் சாய்ந்துவிடும் என்கிறாள் பேத்தி. கொஞ்சம் சாயட்டுமே என்று சொல்லி, நேற்று ராத்திரி முகாரியில் ஒரு பல்லவி எழுதிக் கொடுத்திருக்கிறேன். மெட்டு நன்றாக இருக்கிறதாம், இடம்தான் இல்லையாம். இரண்டாம் அங்கத்தில் வராகசாமி மூச்சுவிடாமல் பேசுகிற வசனத்தில் பாதியைக் குறைத்தால் தாராளமாக இடம் வரும் என்று இன்று சாயங்காலம் போய்ச் சொல்லப் போகிறேன்.